விடுதலைக்குச் சொல் தேடிய மாணவன்: ஹோசே ரிசாலின் படிப்புக் காலமும் முதல் எழுத்துகளும்

பிலிப்பைன்ஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் ரிசாலின் கவிதை ஒன்று சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒரே கவிதையைத்தான் சொல்வார்கள். தாய்மொழியை நேசிக்காதவனைக் கடுமையாகச் சாடும் ஒரு தகலோக் கவிதை அது. எட்டு வயதில் ரிசால் எழுதியதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும். ஒவ்வோர் ஓகஸ்ட் மாதமும் நடக்கும் தேசிய மொழி விழாக்களில் அந்தக் கவிதை முழங்காத மேடை குறைவு.

அந்தக் கவிதையை ரிசால் எழுதியிருக்க வாய்ப்பில்லை என்று பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று சொல்கிறார்கள். அவருடைய கையெழுத்தில் ஒரு பிரதிகூட இல்லை. அவர் சுட்டுக் கொல்லப்பட்டுப் பத்து வருசம் கழித்து, 1906இல், வேறொருவர் எழுதிய புத்தகத்தில்தான் அது முதன்முதலாக அச்சாகிறது. இதைவிடப் பெரிய சான்று ஒன்றும் இருக்கிறது. அந்தக் கவிதையில் 'விடுதலை' என்பதற்கான தகலோக் சொல் வருகிறது. அந்தச் சொல்லே தனக்குக் கைவசம் இருக்கவில்லை என்று ரிசால் தன் இருபத்தைந்தாவது வயதில் அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடிதத்துக்கு நாங்கள் பிறகு வருவோம். இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப்போவது சிலையாக நிற்கிற ரிசாலை அல்ல, புத்தகப் பையோடு திரிந்த ரிசாலை. கலம்பா என்ற ஊரிலிருந்து மனிலாவுக்குப் படிக்கப் போன ஒரு பெடியன், 1887இல் தன் முதல் நாவலைக் கையில் பிடிக்கும் வரைக்குமான கதை. அந்தக் காலத்தில் அவர் எழுதியவற்றை வாசித்தால், பிற்பாடு கட்டப்பட்ட வீரக் கதைகளைவிடச் சுவையான ஒரு மனிதர் வெளியே வருகிறார்.

கலம்பாவும் ஒரு விட்டிலும்

ரிசால் 1861ஆம் ஆண்டு யூன் 19ஆம் திகதி, லகூனா மாகாணத்தின் கலம்பா ஊரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. அப்பா பிரான்சிஸ்கோ மெர்காடோ, அம்மா தெயோடோரா அலொன்சோ. குடும்பம் வசதியானதுதான். ஆனால் அவர்கள் கரும்பும் நெல்லும் பயிரிட்ட நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. அது டொமினிக்கன் துறவிகள் சபையின் பெரும் பண்ணை. மெர்காடோ குடும்பம் அதில் குத்தகைக்காரர். வீட்டில் புத்தகம் இருக்கும், குதிரை இருக்கும், கல்வீடு இருக்கும், காலுக்குக் கீழே இருக்கிற மண் மட்டும் வேறொருவருடையது. அன்றைய பிலிப்பைன்ஸின் வசதியான சுதேசிகளின் நிலைமை இதுதான்.

ஸ்பானிய ஆட்சியில் மனிதர்கள் அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஸ்பெயினில் பிறந்த ஸ்பானியர் உச்சியில். தீவுகளில் பிறந்த ஸ்பானியர் அடுத்தபடியாக. பிறகு கலப்பினத்தவர். அடியில் 'இந்தியோ' என்று இளக்காரமாக அழைக்கப்பட்ட மண்ணின் மக்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் 'பிலிப்பினோ' என்ற சொல் முதலில் குறித்தது தீவுகளில் பிறந்த ஸ்பானியரைத்தான். இன்று ஒரு தேசம் முழுவதும் தன் பெயராகச் சொல்கிற சொல், அன்று ரிசாலைப் போன்றவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை.

எழுத்தறிவித்தது அம்மா. பிற்பாடு மாணவனாக இருக்கும்போதே, பி. ஹசிந்தோ என்ற புனைபெயரில், ரிசால் தன் நினைவுக் குறிப்புகளை எழுதினார். அதில் ஓர் இரவு வருகிறது. விளக்கடியில் அம்மா ஸ்பானியப் புத்தகம் ஒன்றை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார். பெடியனுக்குப் பாடத்தில் மனமில்லை, விளக்கைச் சுற்றுகிற பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா அதைக் கண்டுவிட்டு, தாய் சொல் கேளாமல் சுடருக்குக் கிட்டப்போய்க் கருகிய விட்டில் குஞ்சின் கதையைச் சொல்கிறார். சொல் கேட்காவிட்டால் இதுதான் கதி என்பது அம்மா சொல்லவந்த பாடம். மகனுக்கோ அந்த வெளிச்சம்தான் மனதில் நின்றுவிட்டது. அதற்காக விட்டில் செத்தது அவனுக்குப் பிழையாகவே தெரியவில்லை.

இந்த நிகழ்வைச் சொல்லி "பார்த்தீர்களா, அப்பவே தெரிஞ்சிட்டுது" என்று முடிப்பது லேசு. எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு. இதை எழுதியவர் ஒரு வளாக மாணவன். தன் சிறுவயதைத் திரும்பிப் பார்த்து, எந்த நினைவை வைத்துக்கொள்வது என்று தானே தெரிந்தெடுத்திருக்கிறார். அவருடைய முதல் நீண்ட உரைநடையே தன்னைப் பற்றித் தான் சொல்லிப் பார்க்கிற ஒரு முயற்சியாக இருந்திருக்கிறது.

1872: பெயர் மாறிய வருசம்

ரிசாலுக்குப் பத்து வயது. 1872 சனவரி 20ஆம் திகதி கவிதே கடற்படைத் தளத்தில் தொழிலாளரும் படையினரும் சேர்ந்து ஒரு கலகம் செய்தார்கள். அது உடனேயே அடக்கப்பட்டது. ஆட்சி அதைச் சாட்டாக வைத்து, துறவிகளின் ஆதிக்கத்துக்கு எதிராக உள்ளூர்க் குருமாரின் உரிமைகளைப் பேசிய மூன்று குருமாரைக் கைது செய்தது. மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா. பெப்ரவரி 17ஆம் திகதி மனிலாவின் பகும்பாயன் வெளியில் மூவரையும் கழுத்தை நெரிக்கும் கருவியில் வைத்துக் கொன்றார்கள்.

ரிசாலின் அண்ணன் பசியானோ அப்போது மனிலாவில் படித்துக்கொண்டிருந்தார். புர்கோஸ் குருவின் மாணவர், அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். புர்கோஸ் கொல்லப்பட்டதோடு பசியானோவின் படிப்பும் நின்றது. அவர் ஊர் திரும்பிக் குடும்பத்தின் கமத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அதே காலத்தில் அம்மாவுக்கும் ஓர் இடி. உறவினர் ஒருவரின் மனைவிக்கு நஞ்சு கொடுக்க உடந்தையாக இருந்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டு. கலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகரான சாந்தா குரூஸ் வரைக்கும், ஏறத்தாழ 50 கிலோமீற்றர், அவரை நடத்தியே கொண்டுபோனார்கள். இரண்டரை வருசம் சிறையில் இருந்தார். வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சாப்பிட்டுப் போன அதிகாரிகளே இதற்குப் பின்னால் இருந்தார்கள் என்பதை ரிசால் தன் குறிப்புகளில் மறக்காமல் எழுதினார்.

இந்த நிலைமையில்தான் 1872 யூனில் ரிசால் மனிலாவின் அதெனெயோ கல்லூரிக்குப் போகிறார். சேரும்போது கொடுத்த குடும்பப் பெயர் மெர்காடோ இல்லை. 'மெர்காடோ' என்றால் பசியானோவின் தம்பி, பசியானோ என்றால் புர்கோஸின் ஆள். அதிகாரிகளின் கண்ணில் அந்தப் பெயர் படக்கூடாது. குடும்பம் ஏற்கெனவே எடுத்துவைத்து, பெரிதாகப் பாவிக்காமல் இருந்த 'ரிசால்' என்ற பெயர் அப்போது உதவிக்கு வந்தது. பாதுகாப்புக்காகப் போட்ட பெயர்தான் பின்னாளில் தேடப்படும் பெயராக மாறியது. பத்து வருசம் கழித்துக் களவாக நாட்டைவிட்டுப் போகும்போது, கடவுச்சீட்டில் அவர் திரும்பவும் மெர்காடோ ஆனார்.

1872 நடந்திருக்காவிட்டால் தான் ஒரு யேசுசபைக் குருவாக வந்திருப்பேன், எழுதியதற்கு நேரெதிராக எழுதியிருப்பேன் என்று 1889இல் நண்பர் ஒருவருக்கு ரிசால் எழுதினார். அவருடைய இரண்டாவது நாவலான எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ அந்த மூன்று குருமாருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

அதெனெயோவின் 'பேரரசன்'

அதெனெயோவை நடத்தியவர்கள் யேசுசபையினர். வகுப்பை இரண்டு சாம்ராச்சியங்களாகப் பிரிப்பார்கள், ஒரு பக்கம் ரோம், மற்றப் பக்கம் கார்த்தேஜ். நன்றாகப் படிப்பவன் 'பேரரசன்', அடுத்தடுத்த நிலைகளுக்கு ரோமப் படைப் பதவிகள். கேள்விக்குப் பதில் சொல்லி மற்றவனின் பதவியைப் பறிக்கலாம். போட்டிதான் அந்தக் கல்வியின் எரிபொருள். புதிதாக வந்த ரிசாலை வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தினார்கள். மாதம் முடிவதற்குள் அவர் பேரரசன்.

ஆனால் ஸ்பானிய மொழி அவருக்கு அப்போது சரளமாக வரவில்லை. மதிய இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் ஓய்வெடுக்கிற நேரம், பக்கத்திலுள்ள சாந்தா இசபெல் கல்லூரிக்கு நடந்துபோய்த் தனியாக ஸ்பானியம் படித்தார். கட்டணம் மூன்று பேசோ. ரியூசன் என்பது இன்று நேற்று வந்த விசயமில்லைப் போல.

அங்கேதான் அவர் கவிதை எழுதப் பழகினார். பிரான்சிஸ்கோ தே பவுலா சாஞ்செஸ் என்ற யேசுசபை ஆசிரியர் அவருடைய எழுத்தைத் திருத்தி வளர்த்தார். அந்த ஆசிரியரை ரிசால் கடைசி வரைக்கும் மதித்தார். அந்தக் காலத்துக் கவிதைகள் அம்மாவின் பிறந்தநாள், சமயம், கல்வியின் பெருமை, ஸ்பானியக் கடலோடிகளின் வீரம் ஆகியவற்றைப் பாடுகின்றன. அவற்றில் கலகத்தின் சாடையே இல்லை. ஸ்பெயினைப் போற்றுகிற இடங்களும் உண்டு. வீரனின் வரலாற்றை எழுதுபவர்கள் இதை மெல்ல ஒதுக்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் அப்படிச் செய்யத் தேவையில்லை. தன்னை அடக்கி வைத்திருக்கிறவனின் மொழியில், அவனே போட்ட அளவுகோலில் முதலாவதாக வந்துகாட்ட வேண்டும் என்ற வெறி ஒரு பதினைந்து வயதுப் பெடியனுக்கு இருந்தது. அந்த வெறியைப் புரிந்துகொள்ளாமல் பிற்பாட்டு ரிசாலை விளங்கிக்கொள்ள முடியாது.

1877 மார்ச்சில் அதெனெயோவிலிருந்து கலைமாணிப் பட்டத்தோடு, அதியுயர் சித்தியுடன் வெளியே வந்தார். வயது பதினைந்து.

சாந்தோ தோமாஸும் ஒரு வெள்ளிப் பேனாவும்

அடுத்தது டொமினிக்கன் சபை நடத்திய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம். முதலாம் வருசம் மெய்யியலும் இலக்கியமும். 1878இல் மருத்துவத்துக்கு மாறினார். அம்மாவின் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது அதற்கு ஒரு காரணம். பக்கவாட்டில் அதெனெயோவில் நில அளவையும் படித்தார். சோதனையில் சித்தியடைந்தும் வயது காணாதபடியால் அனுமதிப்பத்திரம் 1881இல்தான் கைக்கு வந்தது.

மருத்துவப் பாடங்களில் அவருடைய புள்ளிகள் அதெனெயோவில் இருந்ததைப் போலப் பிரகாசமாக இல்லை. டொமினிக்கன் ஆசிரியர்கள் வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று ஒரு சாராரும், அப்படி இல்லை, அவருடைய மனம் இலக்கியத்தில் இருந்தது என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். ஆனால் அந்த வகுப்பறைகளைப் பற்றி ரிசாலுக்கு என்ன அபிப்பிராயம் என்பதில் சந்தேகமில்லை. எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ நாவலில் பௌதிகவியல் வகுப்பு ஒன்றுக்காக ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். விஞ்ஞானக் கருவிகள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும், வெளியார் வந்தால் காட்டுவதற்கு. மாணவர்கள் அவற்றைத் தொட்டதே இல்லை. பாடத்தை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். விரிவுரையாளர் ஒரு மாணவனை எல்லார் முன்னாலும் நக்கலடிக்கிறார். பொறுக்க ஏலாமல் அவன் பதில் சொல்லிவிட்டு வெளிநடப்புச் செய்கிறான். மாணவ வாழ்க்கையின் அவமானத்தை அவ்வளவு கிட்டநின்று எழுதிய பக்கங்கள் குறைவு.

அவமானம் வகுப்பறைக்கு வெளியிலும் இருந்தது. விடுமுறைக்குக் கலம்பா வந்திருந்தபோது, இருட்டில் தெருவில் போன ஒரு காவல்படை அதிகாரியை அடையாளம் தெரியாமல் வணக்கம் சொல்லாமல் கடந்துவிட்டார். அதற்காக முதுகில் காயம்படுகிற அளவுக்கு அடி. முறைப்பாடு செய்து பார்த்தார். ஆளுநர் வரைக்கும் போயும் நியாயம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில்தான் 1879 வருகிறது. மனிலாவின் கலை இலக்கியக் கழகம் ஒன்று சுதேசிகளுக்கும் கலப்பினத்தவருக்கும் ஒரு கவிதைப் போட்டி வைத்தது. பதினெட்டு வயது ரிசால் 'பிலிப்பைன்ஸ் இளைஞருக்கு' என்ற கவிதையை அனுப்பினார். முதற்பரிசாக இறகு வடிவில் ஒரு வெள்ளிப் பேனா கிடைத்தது.

மேலோட்டமாக வாசித்தால் அது அடக்கமான கவிதை. இளைஞர்களே, தலை நிமிருங்கள், கலையிலும் அறிவிலும் உயருங்கள் என்று அழைக்கிறது. ஸ்பெயினுக்கு நன்றியும் சொல்கிறது. பரிசு கொடுத்த ஸ்பானிய நடுவர்களுக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரண்டு சொற்களைப் பாருங்கள். மண்ணின் பிள்ளைகளைப் பார்த்து 'பிலிப்பினோ' என்கிறார். 'என் தாய்நாடு' என்று சொல்லும்போது அது ஸ்பெயினாக இல்லை, இந்தத் தீவுகளாக இருக்கிறது. மற்றவனுக்கென்று ஒதுக்கிவைத்த பெயரை எடுத்து, சத்தமில்லாமல், இலக்கணப் பிழையும் இல்லாமல், தன்னவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் அவரை விசாரித்த ஆட்சிக்கு அந்தக் கவிதையின் கனம் விளங்கியது. 1879இல் விளங்கவில்லை.

அடுத்த வருசம் அதே கழகம் செர்வாண்டெசின் நினைவாக இன்னொரு போட்டி நடத்தியது. இந்தமுறை ஸ்பானியரும் கலந்துகொள்ளலாம். ரிசால் அனுப்பியது 'தேவர்களின் சபை' என்ற உருவக நாடகம். ஒலிம்பஸ் மலையில் தேவர்கள் கூடி ஹோமர், வேர்ஜில், செர்வாண்டெஸ் மூவரில் யார் பெரியவர் என்று வாதாடுகிறார்கள். கடைசியில் மூவருக்கும் சமமான மரியாதை கிடைக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாமலே நடுவர்கள் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். செர்வாண்டெசின் உருவம் பொறித்த தங்க மோதிரம் பரிசு. எழுதியது ஓர் 'இந்தியோ' மாணவன் என்று தெரிந்ததும் மனிலாவின் ஸ்பானிய வட்டாரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர்களுடைய மொழியை அவர்களைவிட நன்றாக எழுதலாம், ஆனாலும் அவர்களில் ஒருவனாக ஏற்கமாட்டார்கள். இந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் படிப்பிக்கவில்லை.

1880 டிசெம்பர் 8ஆம் திகதி அதெனெயோ விழாவில் அவருடைய இசை நாடகம் ஒன்று மேடையேறியது. பெயர் 'பாசிக் நதிக்கரையில்'. மாதா திருநாளுக்காக எழுதிய சமய நாடகம். அதில் சாத்தான் வந்து, ஸ்பெயினின் கீழ் இந்த நாடு படப்போகும் துயரங்களைப் பற்றிப் பேசுகிறான். சாத்தான் பேசினால் தணிக்கைக்காரன் என்ன செய்ய முடியும்? சொல்ல நினைத்ததை யாருடைய வாயில் வைத்துச் சொல்வது என்பதை ரிசால் பத்தொன்பது வயதிலேயே பழகிவிட்டார்.

கொழும்பு வழியாக ஒரு களவுப் பயணம்

1882 மே 3ஆம் திகதி ரிசால் மனிலாவிலிருந்து கப்பலேறினார். அம்மா அப்பாவுக்குக்கூடத் தெரியாது. திட்டம் போட்டது பசியானோ. காசு கொடுத்ததும் அவர்தான். சகோதரி சத்துர்னினா தன் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கப்பலொன்றுக்கு மாறினார். அது மே நடுப்பகுதியில் காலித் துறைமுகத்துக்கும் பிறகு கொழும்புக்கும் வந்தது. பயணக் குறிப்பில் காலியை அழகான, ஆனால் தனிமையும் சோகமுமான இடமாக எழுதியிருக்கிறார். கொழும்பு அவருக்கு நன்றாகப் பிடித்துப்போனது. சிங்கப்பூரையும் மனிலாவையும்விட நேர்த்தியான நகரமாகக் கண்டார். ஒரு காலனி நாட்டின் இருபது வயது மாணவன் இன்னொரு காலனியின் துறைமுகத்தைத் தன் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். அங்கிருந்து ஏடன், சுயஸ் கால்வாய், மார்செய், பிறகு ரயிலில் பார்சிலோனா.

பார்சிலோனாவில் இறங்கிய கையோடு அவர் எழுதிய கட்டுரை 'தாய்நாட்டுப் பற்று'. புனைபெயர் லாஓங் லாஆன். மனிலாவில் ஸ்பானியமும் தகலோக்குமாக இரண்டு மொழியில் வந்துகொண்டிருந்த டியாரியோங் தகலோக் பத்திரிகையில் 1882 ஓகஸ்ட் 20ஆம் திகதி வெளிவந்தது. அதைத் தகலோக்கில் பெயர்த்தவர் மார்செலோ டெல் பிலார். அவரும் பின்னாளில் பெரிய பெயர்.

கட்டுரை தாய்நாட்டுப் பற்றைக் குழந்தைப் பருவத்து நினைவிலிருந்து தொடங்குகிறது. தூர தேசத்தில் நிற்பவனுக்குத்தான் ஊர் முழுசாகத் தெரிகிறது என்ற உணர்வு அதில் ஓடுகிறது. நாட்டுக்காகச் சிலர் இளமையைக் கொடுத்தார்கள், சிலர் அறிவைக் கொடுத்தார்கள், சிலர் இரத்தத்தைக் கொடுத்தார்கள் என்று அடுக்கி, எல்லாரும் விட்டுப்போன சொத்தாக விடுதலையையும் புகழையும் சொல்கிறது. 'லிபெர்த்தாத்' என்று ஸ்பானியத்தில் அவர் எழுதியதை டெல் பிலார் தகலோக்கில் எப்படிச் சொன்னார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்ரிட்: பசியும் பாராட்டும்

மட்ரிட் மத்திய பல்கலைக்கழகத்தில் மருத்துவம், மெய்யியலும் இலக்கியமும் என இரண்டையும் ஒன்றாகப் படித்தார். ஓவியம், வாள்வீச்சு, மொழிகள் வேறு. 1884 யூனில் மருத்துவ உரிமம். 1885 யூனில் மெய்யியலிலும் இலக்கியத்திலும் உயர் சித்தி.

பணம் கலம்பாவின் கரும்புத் தோட்டத்திலிருந்து வரவேண்டும். மாதம் 50 பேசோ என்று தொடங்கியது, அறுவடை பிழைத்ததும் 35 ஆகக் குறைந்தது. சில மாதம் அதுவும் பிந்தியது. படிப்பை விட்டுவிட்டு ஊரில் நின்ற அண்ணன் உழைத்த காசில்தான் தம்பி ஐரோப்பாவில் கிரேக்கம் படித்தார். ரிசாலின் வரலாற்றில் பசியானோவுக்கு ஒரு பந்தி ஒதுக்குவார்கள். உண்மையில் அந்த ஒவ்வொரு பட்டத்திலும் பாதி அவருடையது.

1884 யூன் 25ஆம் திகதி அந்த வாழ்க்கையின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் சந்தித்தன. காலையில் வெறும் வயிற்றோடு கிரேக்க மொழிப் போட்டிக்குப் போய் முதற்பரிசு வென்றார். மாலையில் மட்ரிட் உணவகமொன்றில் விருந்து. பிலிப்பினோ ஓவியர்களான ஹுவான் லூனாவும் ஹிதால்கோவும் ஸ்பெயினின் தேசியக் கண்காட்சியில் பரிசு பெற்றதற்காக. ரோம அரங்கில் செத்த போராளிகளை இழுத்துக்கொண்டு போகும் காட்சியைத் தீட்டிய லூனாவின் 'ஸ்போலியாரியம்' தங்கப் பதக்கம் பெற்றிருந்தது. ரிசால் எழுந்து பேசினார். திறமைக்கு நாடு கிடையாது, அது காற்றையும் வெளிச்சத்தையும் போல எல்லார்க்கும் உரியது என்பது பேச்சின் சாரம். லூனாவின் இருண்ட ஓவியத்தில் தன் நாட்டின் நிலைமை தெரிகிறது என்பதையும் மறைக்கவில்லை. இருபத்துமூன்று வயது.

அந்தப் பேச்சின் செய்தி கடல் கடந்து கலம்பாவுக்குப் போனது. மகன் இனி ஊருக்கு வர ஏலாது என்று யாரோ சொல்ல, அம்மா நோய்ப்பட்டார். தனக்கு வேதனை தருகிற விசயங்களில் தலையிடாதே என்று மகனுக்கு எழுதினார். பழைய விட்டில் கதையை அம்மா இரண்டாம் தரம் சொன்னது மாதிரித்தான் அந்தக் கடிதம். ஆட்சியிடம் சிறைப்பட்டு வந்த ஒரு பெண்ணின் பயம் அது. அதைப் பலவீனமென்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

அதே வருசம் நவம்பரில் மட்ரிட் பல்கலைக்கழகம் கொந்தளித்தது. பேராசிரியர் மிகெல் மொரைத்தா அறிவுச் சுதந்திரம் பற்றிப் பேசியதைத் திருச்சபை கண்டித்தது, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், காவலர் அடித்துக் கலைத்தார்கள். ரிசால் அதைக் கண்ணால் கண்டார். ஆளும் நாட்டின் தலைநகரில், அந்த நாட்டுப் பிள்ளைகளின் தலையிலேயே தடி விழுவதைப் பார்த்தது அவருடைய கல்வியில் ஒரு பகுதி.

தொலைந்த சொல், கிடைத்த சொல்

1884 சனவரியில் மட்ரிட் பிலிப்பினோ நண்பர்களின் கூட்டமொன்றில், எல்லாரும் சேர்ந்து நாட்டைப் பற்றி ஒரு நாவல் எழுதுவோம் என்று ரிசால் கேட்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் எழுதவில்லை. (கூட்டாக ஏதும் செய்யப் புறப்பட்டவர்களுக்கு இது புதினமில்லை.) தனியே தொடங்கினார். பாதியை மட்ரிட்டில், மிச்சத்தைப் பாரிசிலும் ஜேர்மனியிலும், கண் மருத்துவம் பழகிக்கொண்டே எழுதினார். 1887இல் பேர்லினில் 'நோலி மே தாங்கெரே' அச்சானது. 2000 பிரதிகள், 300 பேசோ செலவு. கையில் காசில்லாமல் இருந்தவருக்கு நண்பர் மக்சிமோ வியோலா கடன் கொடுத்தார். செலவைக் குறைக்க ஓர் அத்தியாயத்தையே வெட்டினார்கள்.

அந்த நாவலை முடிக்கிற காலத்திலேயே ரிசால் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். ஷில்லரின் 'வில்ஹெல்ம் டெல்' நாடகத்தை ஜேர்மனிலிருந்து தகலோக்குக்குப் பெயர்த்தார். வீட்டுப் பிள்ளைகளுக்காக அண்டர்சனின் கதைகளையும் பெயர்த்தார். 1886 ஒக்டோபரில் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் தன் கஷ்டத்தைச் சொல்கிறார். பல இடங்களில் சொல் முட்டுகிறது. விடுதலை என்பதற்கு நேரான தகலோக் சொல் தெரியவில்லை. கையில் இருக்கும் ஒரே தகலோக் நூலான பலக்தாசின் 'ஃபுளொராந்தே'யிலும் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் எங்கே கண்டார் தெரியுமா? நாலு வருசத்துக்கு முன் தன் 'தாய்நாட்டுப் பற்று' கட்டுரையை டெல் பிலார் தகலோக்கில் பெயர்த்தாரே, அதில். அந்தச் சொல்தான் 'கலாயான்'.

நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதியதே இந்த ஒரு விசயத்துக்காக என்றும் சொல்லலாம். தான் ஸ்பானியத்தில் எழுதிய சொல், இன்னொருவரின் மொழிபெயர்ப்பு வழியாகத் தன் தாய்மொழியில் அவரிடம் திரும்பி வருகிறது. எட்டு வயதில் மொழிப்பற்றுக் கவிதை பாடிய அற்புதக் குழந்தையைவிட, இருபத்தைந்து வயதில் அகராதியில்லாத அறையில் இருந்து தன் மொழியில் ஒரு சொல்லைத் தேடிய இந்த ஆள் எங்களுக்குக் கிட்ட நிற்கிறார்.

மொழி பற்றி ரிசால் எளிய பதிலும் வைத்திருக்கவில்லை. நோலி நாவலில் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் படிப்பிக்க முயல்கிறார். துறவி தாமாசோ அவரை நக்கலடித்து, இரவல் உடுப்புப் போடாதே, உன் பாசையைப் பேசு என்கிறார். அதிகாரத்தின் மொழி சுதேசிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அந்தத் 'தாய்மொழிப் பற்றின்' உள்நோக்கம். அடுத்த நாவலில், ஸ்பானியக் கல்விக்கழகம் கேட்டு மனுக்கொடுக்கும் மாணவர்களைப் பார்த்துச் சிமோன் என்ற புரட்சிக்காரனும் ஏறக்குறைய அதையே சொல்கிறான்: ஏன் இன்னொருவன் மொழியைக் கெஞ்சிக் கேட்கிறீர்கள், அதோடு உங்கள் சிந்தனையும் போய்விடும். துறவி சொன்னது அடக்கிவைக்க. சிமோன் சொன்னது எழுப்பிவிட. சொல் ஒன்றுபோல இருந்தாலும் யார் சொல்கிறான், என்னத்துக்குச் சொல்கிறான் என்று பார்க்கச் சொல்கிறார் ரிசால். இரண்டு நாவலையும் அவர் எழுதியது ஸ்பானியத்தில் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆள்பவர்களும் வாசிக்க வேண்டும் என்று எழுதினார். தன் ஊர்ச் சனத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதை வாசிக்க ஏலாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறகு மூன்றாவது நாவலைத் தகலோக்கிலேயே எழுதத் தொடங்கினார். கொஞ்சம் போனதும் ஓட்டம் தடைப்பட்டது. ஸ்பானியத்துக்கு மாறினார், அதுவும் முடியவில்லை. 'மகமிசா' என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கையெழுத்துப் பிரதி 1987இல்தான் அடையாளம் காணப்பட்டது. 1896 டிசெம்பர் 30ஆம் திகதி, புர்கோஸ் கொல்லப்பட்ட அதே பகும்பாயன் வெளியில் ரிசாலைச் சுட்டார்கள். வயது முப்பத்தைந்து. சாட்டிய குற்றம் கலகத்தைத் தூண்டியது. கலகம் செய்தவர்கள் ஆயுதம் எடுத்த கத்திப்புனான் அமைப்பினர். அந்த எழுச்சிக்கு ரிசால் உடன்படவில்லை. ஆனால் அவர்கள் ரிசாலின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டார்கள், டெல் பிலார் கொடுத்த அந்தச் சொல்லையே தங்கள் பத்திரிகைக்குப் பெயராகவும் வைத்தார்கள்.

நண்பர்களே, நோலி மே தாங்கெரேயைத் தேடி வாசியுங்கள். ஆங்கிலத்தில் நல்ல மொழிபெயர்ப்புகள் உண்டு. வாசிக்கும்போது அந்தப் பள்ளி ஆசிரியர் வரும் அத்தியாயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மேல் மாடியில் குரு நடக்கிற சத்தம், கீழே வாய்விட்டுப் படிக்கப் பயந்து அடங்கிப்போன பிள்ளைகள். அதை எழுதிய ஆளுக்கு அப்போது எங்களில் பலரின் வயதுதான்.